அடி தலையில், பரீட்சை காலில்

பதினைந்து வயதுப் பிள்ளையிடம் "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டு, அது சொல்லும் பதிலை நம்பி மருத்துவ முடிவு எடுக்கலாமா? தலையில் அடிபட்டு மூளை குலுங்கும் கன்கஷன் விஷயத்தில் வெகுகாலம் அப்படித்தான் நடந்தது. எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும். அப்படி அடிபட்ட பிள்ளைக்கு சிடி ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். ரத்தக்கசிவு இல்லை என்பதற்குத்தான் அந்த ஸ்கேன் சாட்சி. கன்கஷன் உண்டா இல்லையா என்பது அதில் தெரியாது. மிச்சமெல்லாம் பிள்ளையின் வாய்வார்த்தை. சனிக்கிழமை மேட்ச் இருக்கிறது என்றால் அந்த வாய் என்ன சொல்லும் என்று பெற்றவர்களுக்குத் தெரியாதா?

நாங்கள் இருப்பது நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், பஃபலோவின் புறநகர் ஒன்றில். பாலம் தாண்டினால் கனடா. மகள் பள்ளிக் கால்பந்து அணியில் கோல்கீப்பர். போன சீசனில் ஒரு கார்னர் கிக்கைப் பிடிக்கப் பாய்ந்தவள், எதிரணிப் பெண்ணின் முழங்காலில் தலை மோதி விழுந்தாள். மயக்கமெல்லாம் இல்லை. உடனே எழுந்து, கையுறைப் பட்டையை இழுத்து ஒட்டிக்கொண்டு, "ஐ ஆம் ஃபைன்" என்று நடுவருக்குக் கை காட்டினாள்.

பள்ளியின் அத்லெடிக் டிரெய்னர் விடவில்லை. மேட்ச்களில் காயம் பார்ப்பதற்கென்றே ஓரத்தில் நிற்பவர் அவர். மண்டியிட்டு உட்கார்ந்து ஐந்து கேள்விகள் கேட்டார். இது எந்த மைதானம்? நடப்பது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? இந்த மேட்ச்சில் கடைசியாக கோல் போட்டது யார்? போன மேட்ச் யாரோடு? அதில் ஜெயித்தீர்களா? ஆஸ்திரேலிய உளவியலாளர் டேவிட் மேடக்ஸின் பெயரில் வழங்கும் கேள்விகள் இவை. உன் பெயர் என்ன, இன்று என்ன கிழமை என்று கேட்டால் அடிபட்டவரும் பல நேரம் சரியாகச் சொல்லிவிடுவார். சற்றுமுன் நடந்ததைக் கேட்டால்தான் தடுமாற்றம் வெளியே வரும். மகள் மூன்றாவது கேள்வியில் தடுமாறினாள். அந்த கோலை விட்டதே அவள்தான், ஆனால் அடித்தது யார் என்று நினைவில்லை. டிரெய்னர் அவளை வெளியே அழைத்துவந்து ஹெல்மெட் போல ஐஸ் பையைக் கட்டிவிட்டார். அவள் அழுதாள், வலியால் இல்லை.

வெளியே எடுப்பதில் இங்கே பேச்சுக்கே இடமில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் 2006 இல் ஸாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பையன் தலையில் அடிபட்டும் அதே மேட்ச்சில் மறுபடி இறக்கப்பட்டு, மூளையில் ரத்தம் கசிந்து, வாழ்நாள் முழுக்கத் தொடரும் பாதிப்புக்கு ஆளானான். அவன் பெயரிலேயே 2009 இல் அங்கே சட்டம் வந்தது. 2014 தொடக்கத்துக்குள் ஐம்பது மாநிலங்களிலும் ஏதாவது ஒரு வடிவில் அப்படியொரு சட்டம் வந்துவிட்டது. நியூயார்க்கின் சட்டம் 2012 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது: சந்தேகம் வந்தாலே வெளியே, குறைந்தது 24 மணி நேரம் அறிகுறி இல்லாமல் இருக்க வேண்டும், மருத்துவர் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் மறுபடி உள்ளே.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒன்டாரியோவில் உள்ள சட்டத்துக்கு ரோவன் ஸ்ட்ரிங்கரின் பெயர். ஒட்டாவாவில் பள்ளி ரக்பி அணியின் கேப்டன், 17 வயது. 2013 மே மாதம் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துத் தலையில் அடி வாங்கினாள். தனக்கு கன்கஷனாக இருக்குமோ என்று இணையத்தில் தேடியிருக்கிறாள், தோழிகளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள். பெரியவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. கடைசி அடியிலிருந்து அவள் மீளவில்லை. முதல் அதிர்ச்சி ஆறும் முன் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கிப்போகலாம். அபூர்வம்தான், ஆனால் நடந்தால் நடந்ததுதான். டொராண்டோவில் பிள்ளைகளை விளையாட்டில் சேர்த்திருக்கும் நம்மாட்கள் வருடா வருடம் ஒரு படிவத்தை 'படித்தேன்' என்று டிக் செய்கிறார்களே, அதன் பின்னால் இருப்பது இந்தப் பெண்தான். அடுத்த முறை உண்மையிலேயே படித்துவிட்டு டிக் செய்யுங்கள்.

ஆக, எப்போது வெளியே எடுப்பது என்பது தெளிவு. எப்போது உள்ளே விடுவது என்பதில்தான் சிக்கல். சட்டம் 'அறிகுறி இல்லாமல்' என்கிறது. சரி, அறிகுறி இல்லை என்று யார் சொல்வது?

மருத்துவர்கள் தரும் அறிகுறித் தாளில் 22 வரிகள் இருக்கும். தலைவலி, தலைச்சுற்றல், வெளிச்சம் பட்டால் கூச்சம், மூடுபனிக்குள் இருப்பது போன்ற உணர்வு, கவனக்குறைவு, எரிச்சல், சோகம், தூக்கம் வராமை என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை போட வேண்டும். நான் அதை ஒருமுறை முழுக்கப் படித்தேன். அடியே படாமல், வெறுமனே தேர்வுக் காலத்தில் இருக்கும் எந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் இதில் பதினைந்து மதிப்பெண் சுலபமாக வாங்கும். அதே சமயம், நிஜமாகவே தலை கனத்துக் கிடக்கும் பிள்ளை, மேட்ச்சுக்காக எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டுவிட்டுச் சிரிக்கும். கணினியில் நினைவாற்றலையும் வேகத்தையும் பார்க்கும் சோதனைகளும் உண்டு. சீசன் தொடங்கும் முன் ஒருமுறை எடுத்துவைத்துக்கொண்டு, அடிபட்டபின் ஒப்பிடுவார்கள். விவரமான வீரர்கள் முதல் சோதனையை வேண்டுமென்றே சொதப்பிவைப்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு விடை எங்கள் ஊரிலிருந்தே கிளம்பியது என்பது மகளுக்கு அடிபடும் வரை எனக்குத் தெரியாது. பஃபலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் ஜான் லெடியும் ஆய்வாளர் பேரி வில்லரும் உருவாக்கிய டிரெட்மில் சோதனை அது. உலகம் முழுக்க 'பஃபலோ கன்கஷன் டிரெட்மில் டெஸ்ட்' என்றே பெயர். இதய நோயாளிகளுக்குப் பயன்படும் பால்க் என்ற பழைய டிரெட்மில் முறையைத்தான் எடுத்து மாற்றிக்கொண்டார்கள். கேட்டால் மிக எளிமையாக இருக்கும்: அடிபட்ட பிள்ளையை, மருத்துவர் கண்முன்னே, கொஞ்சம் கொஞ்சமாகக் கஷ்டப்படுத்திப் பார்ப்பது.

கோவில்பட்டியில் இருக்கும் என் அம்மாவுக்கு இதை வீடியோ காலில் விளக்கியபோது, "ஏய்யா, தலையில அடிபட்ட புள்ளைய மிஷின்ல ஏத்தி நடக்க விட்டுப் பாக்காங்களா? இது என்ன கூத்து? வெளக்க அமத்திட்டுப் பேசாம படுக்கப் போடு" என்றாள்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு வரை உலகத்து நிபுணர்களும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள். 2001 இல் வியன்னாவில் தொடங்கி, விளையாட்டு கன்கஷனுக்கென்று நிபுணர்கள் சில ஆண்டுகளுக்கொரு முறை கூடி அறிக்கை வெளியிடுகிறார்கள்: ப்ராக், ஜூரிச், மறுபடி ஜூரிச், பெர்லின், கடைசியாக 2022 இல் ஆம்ஸ்டர்டாம். முதல் சில அறிக்கைகளில் ஓய்வுதான் மருந்து. அறிகுறி போகும் வரை உடலுக்கும் மூளைக்கும் வேலை கொடுக்காதே என்றார்கள். சில பிள்ளைகள் வாரக்கணக்கில் இருட்டறையில், போன் இல்லாமல், தோழர்கள் இல்லாமல், புத்தகம்கூட இல்லாமல் கிடந்தார்கள். நல்லா இருக்கும் பிள்ளையை அப்படி அடைத்துப்போட்டாலே தலைவலியும் சோர்வும் எரிச்சலும் வரும். வந்த அறிகுறிகளைப் பார்த்து இன்னும் ஓய்வு என்றார்கள்.

மில்வாக்கியில் நடந்து 2015 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதை நேரடியாகச் சோதித்தது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 11 முதல் 22 வயது வரை உள்ளவர்களில் ஒரு பாதிக்கு ஐந்து நாள் கடும் ஓய்வு, மறு பாதிக்கு ஓரிரு நாள் ஓய்வுக்குப்பின் மெல்ல மெல்ல வழக்கத்துக்குத் திரும்பச் சொன்னார்கள். கடும் ஓய்வில் இருந்தவர்கள்தான் அதிக அறிகுறிகளைச் சொன்னார்கள். அடுத்த வருடம் கனடாவில் 2,400க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு வந்தது. முதல் வாரத்திலேயே கொஞ்சமாவது உடலை அசைத்தவர்களில் 24.6 சதவீதம் பேருக்கு ஒரு மாதம் கழித்தும் அறிகுறி நீடித்தது. அசையாமல் இருந்தவர்களில் 43.5 சதவீதம். ஆம்ஸ்டர்டாம் அறிக்கை இப்போது சொல்வது: முதல் ஒன்றிரண்டு நாள் ஓரளவு ஓய்வு, அந்த நேரத்தில் திரையைக் குறைத்துக்கொள், அதன்பின் நட. இருட்டறை வேண்டாம்.

அம்மாவிடம் இத்தனையும் சொன்னேனா என்றால், இல்லை. "டாக்டர் பக்கத்துலயே நிப்பாரும்மா" என்றேன். அது போதுமானதாக இருந்தது.

மகளின் முதல் டிரெட்மில் சோதனையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏறும் முன்பே நிறையப் பார்த்தார்கள்: ரத்த அழுத்தம், கண் அசைவு, கழுத்து, ஒற்றைக்கோட்டில் நடை. இதயக் கோளாறு இருந்தால், நரம்பு பாதிப்பின் அடையாளம் தெரிந்தால், நேராக நடக்கவே முடியாவிட்டால் டிரெட்மில் கிடையாது. மார்பில் துடிப்பு அளக்கும் பட்டையைக் கட்டினார்கள். உட்கார்ந்திருக்கும்போது அவள் துடிப்பு 74. எதிர்ச் சுவரில் இரண்டு அட்டைகள். ஒன்றில் 0 முதல் 10 வரை: இப்போது எவ்வளவு மோசமாக உணர்கிறாய்? இன்னொன்றில் 6 முதல் 20 வரை: இந்த நடை எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? ஏறும் முன் முதல் அட்டையில் அவள் சொன்ன எண் 2.

வேகம் மணிக்கு 3.2 மைல், அதாவது ஐந்து கிலோமீட்டர் சொச்சம். உயரமானவர்களுக்குச் சற்றுக் கூடுதல். பஸ் பிடிக்கும் நடை என்று வைத்துக்கொள்ளலாம். முதல் நிமிடம் சமதளம். அதன்பின் நிமிடத்துக்கு ஒரு சதவீதம் ஏற்றம் கூடிக்கொண்டே போகும். வேகம் மாறாது. பதினைந்து நிமிடம் தாண்டினால்தான் வேகத்தைக் கூட்டுவார்கள். ஓடச் சொல்லாமல் மேடேறி நடக்கச் சொல்வதால் தலை அதிகம் குலுங்காமலே இதயத்துக்கு வேலை ஏறுகிறது. ஒவ்வொரு நிமிடமும் சோதனையை நடத்தியவர் இரண்டு எண்களைக் கேட்டு, துடிப்பைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

நான்கு நிமிடம் வரை மகள் பள்ளிக் கதை பேசிக்கொண்டிருந்தாள். ஐந்தாவதில் பேச்சு குறைந்தது. ஆறாவதில் "மூணு" என்றாள். எனக்குக் கவனத்தில் பட்டது அவள் முகம். மூச்சு வாங்கிச் சிவக்கும் முகம் எனக்குத் தெரியும், எத்தனை மேட்ச்சில் பார்த்திருக்கிறேன். இது வேறு. புருவங்களுக்கு நடுவே ஒரு சுருக்கம், பார்வை அட்டையில் நிற்காமல் நழுவியது, கை தானாகப் பக்கவாட்டுக் கம்பியைத் தேடியது. ஏழு சதவீத ஏற்றத்தில் "அஞ்சு" என்றாள். ஏறும் முன் 2, இப்போது 5. மூன்று புள்ளி கூடினால் நிறுத்த வேண்டும் என்பது விதி. சோதனையை நடத்தியவர் உடனே வேகத்தைக் குறைத்தார். துடிப்பு 141.

நடை எவ்வளவு கஷ்டம் என்ற இரண்டாவது அட்டையில் அப்போதும் அவள் 12தான் சொல்லியிருந்தாள். 'கொஞ்சம் கஷ்டம்' என்பதைக்கூடத் தொடவில்லை. கால் களைக்கவில்லை, மூச்சு முட்டவில்லை, தலை மட்டும் போதும் என்றது. அன்று காலை உணவு மேசையில் கேட்டபோது தலைவலி "இல்லவே இல்லப்பா" என்று சொன்ன அதே பிள்ளை. அவள் பொய் சொன்னாள் என்று நான் நினைக்கவில்லை. உட்கார்ந்திருக்கும்போது உண்மையிலேயே பெரிதாக எதுவும் இல்லை. பழைய காரை வாங்கப் போகிறவன் நிறுத்திவைத்து இன்ஜின் சத்தம் கேட்டால் போதாது, மலைப்பாதையில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பார்களே, அந்தக் கதைதான்.

ஏன் இப்படி? பஃபலோ குழு தரும் விளக்கம் எனக்குப் புரிந்த அளவில் இது. கன்கஷனில் மூளைத் திசு கிழிவதைவிட அதன் நிர்வாகம் குழம்புவது அதிகம். இதயத் துடிப்பு, சுவாசம், ரத்தக்குழாய்களின் விரிவு சுருக்கம் இவற்றைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் நரம்பு மண்டலம் தடுமாறுகிறது. உழைக்கும்போது உடலில் கார்பன் டை ஆக்சைடு கூடும்; கூடினால் மூச்சும் அதற்கேற்பக் கூட வேண்டும். அடிபட்ட சிலருக்கு மூச்சு அந்த வேகத்துக்கு எழுவதில்லை. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கினால் மூளையின் ரத்தக்குழாய்கள் விரியும், ரத்தம் அளவுக்கு மீறிப் பாயும், தலை இடிக்கும், சுற்றும். கல்லூரி வீராங்கனைகளை வைத்துச் செய்து 2016 இல் வெளியிட்ட ஆய்வில் இதை அளந்தே பார்த்தார்கள். உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் பின் அது சரியானதையும் பார்த்தார்கள்.

141 என்ற அந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சோதனையில் தோற்றவளை வீட்டுக்கு அனுப்பி, படு என்று சொல்லவில்லை. 141 இல் 80 சதவீதம் எவ்வளவு? 113. தினமும் இருபது நிமிடம், துடிப்பு 113 ஐ ஒட்டி இருக்கும்படி நடக்க வேண்டும், அல்லது சைக்கிள் மிதிக்க வேண்டும். அறிகுறி கூடினால் நிறுத்திவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி டிரெட்மில், புது எண், புது அளவு. எது நோயைக் கண்டுபிடித்ததோ அதுவே மருந்தும் ஆகிறது, அளவைக் குறைத்துக் கொடுத்தால்.

இதற்குச் சான்று இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: 2019 இல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் இதழில் லெடி குழுவின் ஆய்வு வந்தது. 13 முதல் 18 வயது வரை 103 பேர். ஒரு குழுவுக்கு இந்த மாதிரி அளந்த உடற்பயிற்சி, இன்னொன்றுக்குத் துடிப்பை ஏற்றாத ஸ்ட்ரெச்சிங். முதல் குழுவில் பாதிப் பேர் 13 நாளுக்குள் தேறினார்கள், அடுத்ததில் 17 நாளுக்குள். நான்கு நாள்தானே என்று தோன்றும்; எனக்கும் தோன்றியது. 2021 இல் லான்செட்டின் குழந்தைகள் நல இதழில் 118 பேரை வைத்து வந்த ஆய்வில்தான் விஷயம் இன்னும் தெளிவாகிறது: ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடிக்கும் அபாயம் உடற்பயிற்சிக் குழுவில் 48 சதவீதம் குறைவு. இழுத்தடிக்கும் கன்கஷன்தானே ஒரு பிள்ளையின் பள்ளி ஆண்டையே தின்றுவிடுகிறது! சோதனையாலேயே பாதிப்பு வருமோ என்ற என் அம்மாவின் கேள்வியையும் யாரோ கேட்டுத்தான் இருக்கிறார்கள். அடிபட்ட சில நாட்களில் டிரெட்மில் ஏறியவர்களையும் ஏறாதவர்களையும் 2018 இல் வெளிவந்த ஆய்வில் ஒப்பிட்டார்கள். தேறும் வேகத்தில் வித்தியாசம் இல்லை.

இன்னொன்றும் அந்த எண்ணில் இருக்கிறது. ஓய்வில் உள்ள துடிப்புக்கும் நிறுத்திய துடிப்புக்கும் இடைவெளி ஐம்பதோ அதற்குக் கீழோ என்றால், குணமாக நாளாகும் என்று எதிர்பார்க்கலாம். மகளுக்கு 67. "இது நல்ல இடைவெளி" என்றார் மருத்துவர். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே என் மனைவி அன்று இரவு தூங்கினாள்.

இந்த இடத்தில் கிரிக்கெட்டைக் கொண்டுவராமல் இருக்க முடியவில்லை. 2019 ஆகஸ்ட், லார்ட்ஸ். ஆர்ச்சரின் பவுன்சர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டு அவர் சாய்ந்தார். 80 இல் வெளியே போனவர், சோதனைகளில் தேறி, ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் மறுபடி வந்து 92 இல் அவுட் ஆனார். மறுநாள் காலை எழுந்தபோது தலை சரியாக இல்லை. மேட்ச்சிலிருந்து விலக்கப்பட்டார், அடுத்த டெஸ்ட்டும் ஆடவில்லை. அவருக்குப் பதிலாக, டெஸ்ட் வரலாற்றின் முதல் கன்கஷன் மாற்று வீரராக இறங்கிய லபுஷேனையும் ஆர்ச்சர் இரண்டாவது பந்திலேயே ஹெல்மெட் கம்பியில் பதம் பார்த்தார். அவர் எழுந்து நின்று 59 அடித்தார். அன்று பெவிலியனில் யாரும் ஏமாற்றவில்லை. கன்கஷன் மணிக்கணக்கில் தாமதித்து வரக்கூடியது, அவ்வளவுதான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு மேட்ச்சும் மறக்காது. 2022 செப்டம்பரில் எங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான பஃபலோ பில்ஸுக்கு எதிராக ஆடிய மயாமி வீரர் டூவா டாகோவைலோவா, கீழே விழுந்து எழுந்தபோது கால் பின்னித் தள்ளாடியதை நாடே பார்த்தது. முதுகுக் காயம் என்று சொல்லி இரண்டாம் பாதியில் மறுபடி இறக்கினார்கள். நான்கே நாளில் அடுத்த மேட்ச்சில் தலையில் அடிபட்டு, விரல்கள் விறைத்துக்கொள்ள, ஸ்ட்ரெச்சரில் போனார். அதன்பிறகுதான் தள்ளாடினாலே அன்று ஆட்டம் இல்லை என்று விதியைத் திருத்தினார்கள்.

டிரெட்மில்லை ஏமாற்ற முடியாதா? முடியும். 5 என்று உணர்ந்துகொண்டு 3 என்று சொல்லலாம். ஆனால் ஏற்றம் கூடிக்கொண்டே போகும்போது நடிப்பது கஷ்டம். நடை கோணும், பேச்சு நின்றுபோகும், துடிப்புக்கும் 'கஷ்டம்' என்று சொல்லும் எண்ணுக்கும் பொருந்தாது. பழகிய கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் வீட்டு டிரெட்மில்லிலோ தெருமுனை ஜிம்மிலோ இதைத் தாங்களே செய்து பார்க்கக் கூடாது. எண்களை யார் வேண்டுமானாலும் குறிக்கலாம், முகத்தைப் படிக்க ஆள் வேண்டும்.

பிறகு நடந்ததுதான் நான் எதிர்பாராதது. அடுத்தடுத்த சோதனைகளில் எண் ஏறியது. கடைசியில் ஒருநாள் முழு ஏற்றமும் ஏறி, அதற்கு மேல் வேகமும் கூடி, துடிப்பு 180 ஐத் தாண்டி, வியர்வை சொட்ட, கஷ்ட அட்டையில் 18 சொல்லி இறங்கினாள். அறிகுறி பூஜ்யம். முகத்தில் எனக்குத் தெரிந்த சிவப்பு. தேறிவிட்டாள் என்று நினைத்தோம்.

பள்ளியிலோ கணக்கு வகுப்பில் இருபது நிமிடத்தில் தலை வலிக்கிறது என்றாள். பலகையைப் பார்த்து நோட்டைப் பார்த்து மறுபடி பலகையைப் பார்த்தால் எழுத்து நகர்கிறதாம். மலை ஏறியவளுக்கு நோட்டுப் புத்தகம் ஏறவில்லை. படிப்பில் டிமிக்கி என்று பக்கத்து வீட்டு நண்பர் ஒருவர் சிரித்தார். எனக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்தது, மறைப்பானேன்.

இது புதிதல்ல என்று அப்புறம் தெரிந்தது. 2014 இல் இதே பஃபலோ குழு, டிரெட்மில்லில் தேறி விளையாட்டுக்குத் திரும்பிய பதின்வயதினரைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. 117 பேரின் பதிவுகளைப் பார்த்து, பலரைத் தொலைபேசியில் விசாரித்தார்கள். மைதானத்துக்குத் திரும்பியதால் யாருக்கும் அறிகுறி மோசமாகவில்லை. அந்த வகையில் சோதனை தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஆனால் 38.5 சதவீதம் பேர் வகுப்பறைக்குத் திரும்பியபோது புதிதாகவோ முன்பைவிட அதிகமாகவோ சிரமப்பட்டதாகச் சொன்னார்கள். விளையாடத் தகுதி என்பது படிக்கத் தகுதி என்றாகிவிடாது. நாமெல்லாம் வரிசையை நேர்மாறாக நினைக்கிறோம்: முதலில் படிப்பு, அது சரியானால் விளையாட்டு. பள்ளிகளும் அப்படித்தான் கேட்கின்றன, பெற்றோராக நானும் அதைத்தான் விரும்புவேன். உடம்பு அந்த வரிசையை மதிப்பதாகத் தெரியவில்லை.

டிரெட்மில்லின் இன்னொரு பயனும் இங்கேதான் தெரிந்தது. களைத்து விழும் வரை உழைத்தும் அறிகுறி கூடவில்லை என்றால், மிச்சமிருக்கும் தொந்தரவுக்குக் காரணம் ரத்த ஓட்டத்தில் இல்லை, வேறு இடத்தில் தேடு என்று அர்த்தம். பெரும்பாலும் கழுத்து, அல்லது கண்ணையும் சமநிலையையும் இணைக்கும் அமைப்பு. மகளின் மருத்துவர் ஒரு பேனாவை எடுத்து அவள் மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவந்தார். முனை இரண்டாகத் தெரிந்தால் சொல் என்றார். நம்மில் பலருக்கு மூக்குக்கு வெகு அருகில் வந்தால்தான் இரண்டாகும். அவளுக்கு ஒரு சாண் தூரத்திலேயே இரண்டானது. இரு கண்ணும் ஒன்றாகக் குவிய மறுக்கிறது. பலகையிலிருந்து நோட்டுக்கு வரும் ஒவ்வொரு முறையும் அந்தக் குவியல் தேவை. அதற்குத் தனிப் பயிற்சி, ஒரு நூலில் மணிகளைக் கோத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பது போன்றவை. டிமிக்கி என்று சொன்ன நண்பருக்கு அந்தப் பேனாவை நானே காட்டினேன். தன் மூக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டார், மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

திரும்புவதற்கான படிகளும் நேராக மேட்ச்சுக்குப் போவதில்லை. மெல்லிய நடமாட்டம், ஏரோபிக் பயிற்சி, தனியாகத் தன் விளையாட்டுப் பயிற்சி, மோதல் இல்லாத அணிப் பயிற்சி, மோதலோடு பயிற்சி, கடைசியில் மேட்ச் என்று ஆறு படிகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு நாள். தலையில் அடிபட வாய்ப்புள்ள படிக்குப் போகும் முன் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். அவள் நான்காம் படியில் இருந்தபோது அணியின் கோச், வேறு கீப்பர் இல்லாததால், "ஒரு அரை மணி நேரம் மட்டும்" என்று பேச்சை எடுத்தார். டிரெய்னர் கையில் இருந்த தாளைக் காட்டினார். கையெழுத்து இல்லை. பேச்சு அத்தோடு முடிந்தது. ஓடவிட்டு எடுத்த எண்களின் முழு மதிப்பும் எனக்கு அந்தத் தாளில்தான் தெரிந்தது. அது இல்லாமல் இருந்திருந்தால் அங்கே மூன்று பேரின் அபிப்பிராயம் மட்டும்தான் இருந்திருக்கும், அதில் மகளின் அபிப்பிராயம் "ஐ ஆம் ஃபைன்".

சீசன் முடிவதற்குள் கடைசிச் சில மேட்ச்களில் நின்றாள். பள்ளியில் தேர்வுகளுக்குக் கூடுதல் நேரமும், நோட்ஸை அச்சிட்டுக் கொடுக்கும் சலுகையும் இன்னும் சில வாரம் நீடித்தன. கண் பயிற்சி முடிந்து பேனா மூக்கருகில் வரும் வரை ஒன்றாகவே தெரிய ஆரம்பித்ததும், அந்தக் கூடுதல் நேரத்தை மட்டும் வருடக் கடைசி வரை வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் அவளே கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, அதற்கு டிரெட்மில் சோதனை எதுவும் தன்னிடம் இல்லை என்றார்.